காலியாக மூன்று நிமிடம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவர் என் அக்காவைப் பார்த்ததில்லை. பேருந்துப் படியில் கால் தவறி விழுந்து அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது என்று மாமா போன் செய்தார். மூன்று வாரம் லீவு சொல்லிவிட்டு ஒரே ஒரு பையோடு கிளம்பி வந்தேன். அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது இந்த வீட்டில் எந்தக் குழாயை எத்தனை திருகு திருகினால் சொட்டாது என்பது வீட்டுக்காரரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டு அறை, ஒன்றரை ஆள் அகலத்தில் நீளமான ஒரு சமையலறை, அதை ஒட்டித் துணி காயப்போட ஒரு பால்கனி. பால்கனிக்குக் கண்ணாடிக் கதவு. அது சாத்தினால் தானாகத் தாழ் விழுந்துவிடும், வெளியிலிருந்து திறக்க முடியாது. அதனால் எப்போதும் ஒரு பழைய செருப்பைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருப்போம். இந்தக் கதவைச் சரிசெய்ய வேண்டும் என்று மாமா சொல்லாத மாதமில்லை.

மாமா என்பது அக்காவின் கணவர். பேருந்து டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுகிற வேலை. விடியற்காலை நான்கு மணிக்குப் போனால் மாலைதான் வருவார். வீட்டிலும் அவருக்கு எல்லாம் நிமிடக் கணக்குதான். "சாப்பாடு எப்போ?" என்று கேட்கமாட்டார், "இன்னும் எத்தனை நிமிஷம்?" என்பார். தங்கமான மனிதர். ஆனால் தங்கத்தை வைத்துக்கொண்டு சோறு வடிக்க முடியாதே.

அக்கா படுக்கையறையில் ஜன்னலோரம் இருப்பாள். கட்டில் பக்கத்தில் ஊன்றுகோல். கட்டுப் பிரித்து ஒரு வருடமாகிவிட்டது, ஆனாலும் நான்கு அடி வைத்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். "வலிக்குதுடி சின்னவளே" என்பாள். டாக்டர், எலும்பு கூடிவிட்டது, இனி மனசுதான் கூடவேண்டும் என்றார். அன்றோடு அவரிடம் போவதை அக்கா நிறுத்திவிட்டாள். அந்த ஊன்றுகோலை வாரம் ஒருமுறை துடைப்பதும் நான்தான். அடியில் இருக்கிற ரப்பரில், வாங்கிய அன்று இருந்த வரிகள் அப்படியே இருக்கும். நான் வைத்துக்கொள்கிற சுத்தம் அப்படி என்று எனக்கு ஒரு பெருமை.

என் வேலையைச் சொல்லவில்லையே. ஒரு கண்ணாடிக் கடையில், லென்ஸை ஃப்ரேமுக்குப் பொருந்தும்படி ஓரம் தேய்த்துக் கொடுப்பேன். ஒரு நூலளவு கூடினால் உள்ளே போகாது, ஒரு நூலளவு குறைந்தால் விழுந்துவிடும். பதினோரு வருடம் அதைச் செய்தேன். கடைக்கு மேலேயே எனக்கு ஓர் அறை. இதுவரை என் கையால் எத்தனை பேர் உலகத்தைத் தெளிவாகப் பார்த்தார்கள் என்று எண்ணினால் ஒரு சின்ன ஊரே வரும்.

இந்த வீட்டுக்கு ஓர் ஏர் ஃப்ரையர் வந்த கதைக்கு வருகிறேன். டிப்போவில் குடும்ப நாள் என்று ஒன்று வைத்தார்கள். சனிக்கிழமை பிற்பகல், ஒவ்வொரு வீட்டுக்காரர்களும் ஒரு மேசை போட்டு ஏதாவது செய்து வைக்கவேண்டும். மாமா பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். என்ன செய்வது என்று கேட்டதும் கட்டிலில் இருந்தபடியே அக்கா சொன்னாள், பொருட்காட்சியில் போடுவார்களே, கிரீம் பிஸ்கட்டை மாவில் சுற்றி எண்ணெயில் பொரித்து மேலே சர்க்கரை தூவி, அது. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ராட்டினத்தில் ஏறி இறங்கி அதைத்தான் தின்றார்களாம். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து நான் தலையாட்டித் தொலைத்தேன்.

டிப்போ என்றால் டீசல். நெருப்பும் கூடாது, கொதிக்கிற எண்ணெயும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எண்ணெய் இல்லாமல் பொரிக்க ஒரு பெட்டி இருக்கிறதே என்று மாமா ஏர் ஃப்ரையரை வாங்கிவந்து சமையலறை மேடையில் வைத்தார். மேடையில் அதுவரை நான் காய் நறுக்குகிற இடமாக இருந்ததும் போயிற்று. வாங்கியவர் அவர், ஆசைப்பட்டவள் அக்கா, விடிந்தது என் தலையில்.

முதல் நாள் செய்தது தின்னும்படி இல்லை. மாவைச் சரியாக ஒட்டாததால் கிரீம் ஒழுகித் தட்டில் கருகிப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது நாள், சர்க்கரைப் பொடியை முன்னாலேயே தூவிவிட்டேன். உள்ளே சுற்றுகிற காற்று அத்தனையையும் அள்ளி, திறந்ததும் என் மூக்கில் வீசியது. மூன்றாவது நாள் பிடிபட்டுவிட்டது. பிஸ்கட்டை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்க வேண்டும். கடையில் தயாராகப் பிசைந்து டப்பாவில் விற்கிற ரொட்டி மாவைப் பிரித்தால் முக்கோணமாக எட்டுத் துண்டு வரும். ஒரு துண்டை லேசாக இழுத்து, பிஸ்கட்டை நடுவில் வைத்து, நாலா பக்கமும் மூடி, ஓரத்தை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி ஒட்ட வேண்டும். காற்றுப் போகிற இடம்கூட இருக்கக்கூடாது. என் கைக்கு ஓரம் புதிதா என்ன. நூற்றெழுபது டிகிரியில் ஆறு நிமிடம். பொன்னிறமாக உப்பி வரும். கடித்தால் உள்ளே பிஸ்கட் கேக் மாதிரி மெத்தென்று ஆகியிருக்கும்.

அக்கா ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். மாமா டிப்போவுக்கு ஆறு எடுத்துப்போனார். மறுநாள், தொண்ணூற்றாறு செய்யவேண்டும் என்று வந்து நின்றார். நான் எதையாவது சரியாகச் செய்கிற ஒவ்வொரு முறையும் இந்த வீட்டுக் கதவில் இன்னொரு தாழ் விழுகிறது. மோசமாகச் செய்து தப்பிக்கலாம் என்றால், பாழாய்ப்போன கை கேட்பதில்லை.

புதன்கிழமை கடை முதலாளியம்மா போன் செய்தார். எனக்குப் பதிலாக வந்த பெண் போகிறாளாம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீ லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னால் இருந்தால் இடம் உனக்கு, சனிக்கிழமை பதினோரு மணிக்குள் சொல், இல்லையென்றால் வேறு ஒருவர் தயாராக இருக்கிறார், இதற்குமேல் நான் காத்திருக்கமாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்காவிடம் சொல்ல மூன்று தடவை போனேன். முதல் தடவை, நீ வராவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று அவளே ஆரம்பித்தாள். இரண்டாவது தடவை தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குவதுபோல இருந்தாள். மூன்றாவது தடவை நான் வாயைத் திறந்ததும் காலை நீட்டி, அந்த இடத்தைக் கொஞ்சம் பிடித்துவிடுகிறாயா என்றாள். பிடித்துவிட்டேன். போகவேண்டும் என்று சொல்ல வந்தவள், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் யோசனை இதுதான். முதலில் மாமாவைப் பழக்கிவிடுவது. பிஸ்கட்டை அவர் தனியாகச் செய்துவிட்டால், சோறும் செய்வார், துணியும் துவைப்பார், அப்புறம் நான் போகிறேன் என்பது அத்தனை பெரிய இடியாக இருக்காது. சனிக்கிழமை அவருக்கு லீவு. வெள்ளிக்கிழமை மாலை அவரிடம், நாளைக்கு நீங்களே போடுங்கள், நான் சுற்றி மட்டும் தருகிறேன் என்றேன். எழுதிக் கொடு என்றார். அவருக்கு எழுதியிருந்தால்தான் எதுவும் உண்டு. ஒரு தாளில் ஒன்று, இரண்டு என்று வரிசைபோட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

எழுதியதில் ஒரு ஓட்டை இருந்தது. ஏர் ஃப்ரையரை முதலில் காலியாக மூன்று நிமிடம் சூடாக்க வேண்டும். நான் சமையலறைக்குள் நுழையும்போதே கை தானாக அந்தப் பொத்தானைத் தட்டிவிடும். தட்டுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எழுதுவேன். பட்டியல், தட்டில் ஒட்டாமலிருக்கக் காகிதம் விரிக்கவும் என்று ஆரம்பித்தது. அடுத்த வரி, எட்டு பிஸ்கட்டை இடம் விட்டு அடுக்கவும்.

சனிக்கிழமை பத்தரை மணி. முதல் எட்டைச் சுற்றித் தட்டில் வைத்துவிட்டேன். சர்க்கரைப் பொடி போதாது என்பது சாக்கு. கீழே போய் வாங்கிவருகிறேன் என்று அக்காவுக்குக் கேட்கும்படி சொன்னேன். போகவில்லை. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். முதலாளியம்மாவிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று அப்போதும் எனக்குத் தெரியாது. வரமுடியாது என்று சொல்லத்தான் வாய் பழகியிருந்தது. மாமா சமையலறையிலிருந்து, "மூணு நிமிஷம் சூடு பண்ணணும்னு இது வந்த அட்டைப்பெட்டியில போட்டிருக்கே, அது எப்போ?" என்றார்.

"பிஸ்கட் வைக்கிறதுக்கு முன்னாடி மாமா" என்றேன், அக்காவுக்குக் கேட்காதபடி.

அக்கா காதில் போன் பேசுவது விழக்கூடாதே என்று முட்டுக் கொடுத்த செருப்பைக் காலால் தள்ளினேன். கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. மாமாவைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வேலையில் இருந்தார். பட்டியலில் விரல் வைத்து ஒன்றாவது வரியைப் படித்தார். காகிதம் விரித்தார். இரண்டாவது வரி பிஸ்கட். அதற்கு முன்னால் சூடாக்க வேண்டும். ஆகவே வெறும் காகிதத்தோடு தட்டை உள்ளே தள்ளி, மூன்று நிமிடம் வைத்து, மணிக்கட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மேல் ஒரு பிழையும் சொல்ல முடியாது. நான் சொன்னதைச் சொன்னபடி செய்தார்.

பிஸ்கட்டின் கனம் இருந்தால்தான் காகிதம் அடங்கிக் கிடக்கும். இல்லையென்றால் காற்று அதை மேலே இழுத்து, சூட்டில் பழுத்திருக்கிற கம்பியில் ஒட்டிவிடும். கண்ணாடியைத் தட்டினேன். மாமாவுக்குப் புகையை வெளியே தள்ளுகிற விசிறிச் சத்தத்தில் காது கேட்கவில்லை. இரண்டாவது நிமிடம் பெட்டியின் பின்னாலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. பிறகு நூல் கயிறானது. மாமா பட்டியலைப் பார்த்தார். பட்டியலில் புகையைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை. உள்ளே மஞ்சளாக ஒன்று எரிவது தெரிந்தது. நான் இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். என் சொந்தக் கைகளுக்கே வலிக்கும்படி அறைந்தேன்.

அப்போது அக்கா ஓடிவந்தாள்.

ஓடி என்றால் ஓட்டம். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொடாமல், கூடத்தில் கிடந்த ஸ்டூலை ஒரே எட்டில் தாண்டி, சமையலறைக்குள் வந்து, பிளக்கைப் பிடுங்கி, "தட்டை வெளிய இழுத்துடாதீங்க, காத்து பட்டா இன்னும் எரியும்" என்று மாமா கையைத் தட்டிவிட்டு, எம்பி நின்று மேல் ஜன்னலைத் திறந்தாள். குதிகால் இரண்டும் தரையிலிருந்து உயர்ந்திருந்தன. எந்தக் காலில் முறிவு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

புகை கொஞ்சம் குறைந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அக்காவை அல்ல, மாமாவை. பதினான்கு மாதமாக நடக்காத மனைவி கண்ணெதிரே ஓடிவந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான். வாயைப் பிளப்பான். அழுவான். கடவுளைக் கூப்பிடுவான். மாமா குனிந்து ஏர் ஃப்ரையரைத் தடவிப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் இருபது செகண்டுதான் ஆச்சு" என்றார். அவ்வளவுதான். அந்த வீட்டில் இருந்த மூன்று பேரில் ஆச்சரியப்பட்டவள் நான் ஒருத்திதான்.

அக்கா திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் என்னைப் பார்த்தாள். நான் கீழே கடையில் இருப்பதாக அல்லவா நினைத்திருந்தாள். பிறகு எனக்குக் கதவைத் திறக்க வந்தாள். முதல் நான்கு அடி நன்றாகத்தான் வைத்தாள். பாதி வழியில் அவளுக்கு நொண்டல் ஞாபகம் வந்தது. ஐந்தாவது அடியில் வலது கால் இழுத்தது, கை சுவரைத் தேடியது. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கியது சாக்கு என்பார்கள். இங்கே சறுக்கவும் இல்லை, சாக்கு மட்டும் இருந்தது. சிரிக்கவேண்டிய காட்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவு திறந்தது. நான் அக்காவைத் தாண்டிப் போய் மாமா முன்னால் நின்றேன்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், பாவம். "எட்டு மாசம் இருக்கும்" என்றார். ஒருநாள் வேலைக்குப் போன பிறகு பேனாவை மறந்துவிட்டோம் என்று திரும்பி வந்தாராம். நான் கீழே பால் வாங்கப் போயிருந்தேனாம். அக்கா கூடத்தில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தாளாம். அவர் சத்தம் போடாமல் இறங்கிப் போய்விட்டாராம்.

"ஏன் மாமா சொல்லல?"

"நீ வந்ததுக்கு அப்புறம் அவ அழறதில்லம்மா" என்றார். "அதுக்கு முன்னாடி நான் வீட்டுக்கு வர்ற நேரமெல்லாம் அழுதுட்டு இருப்பா. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல. அதை யாரும் எழுதிக் குடுக்கலையே."

எனக்கு அவரை அறையவேண்டும் போல இருந்தது. அழவும் வந்தது. என் எட்டு மாதம். எட்டு மாதமாக நான் ஒரு நல்ல காலைப் பிடித்துவிட்டிருக்கிறேன். பின்னால் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. அக்கா, கூடத்தில் போட்டுவிட்டு ஓடிவந்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தன் அறைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் பிறகு ஊன்றுகோல்.

"எங்க போறே?" என்றேன். "நில்லு. எதுக்கு இந்த நாடகம்?"

அவள் நின்றாள். திரும்பவில்லை. "நாடகம்னு உனக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன்" என்றாள். "இந்தக் கம்பை வாரா வாரம் துடைக்கிறியே. அடியில பார்த்ததே இல்லையா? பார்த்தும் நீ ஒண்ணும் கேக்கல. சரி, இவளுக்கும் இங்கயே இருந்துடணும்னு தோணுது போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

ரப்பரில் தேயாமல் கிடந்த வரிகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நூலளவு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் காலம் தள்ளியவள் நான். ஒரு வருடம் ஊன்றிய கோல் தேயாது என்று யார் சொன்னால் நம்புவேன். நானே சொல்லி நானே நம்பியிருக்கிறேன். கடைக்கு மேலே இருக்கிற அந்த அறையில், மாலை ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை என்னோடு பேச யாரும் கிடையாது. இங்கே திட்டவாவது ஒருத்தி இருந்தாள். அது உண்மை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு. மாமா அதைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். போனை எடுத்தேன். இந்த முறை பால்கனிக்குப் போகவில்லை. கூடத்தின் நடுவில், அக்காவுக்கும் மாமாவுக்கும் கேட்கும்படி நின்றுகொண்டு, "அம்மா, திங்கட்கிழமை ஒம்பது மணிக்கு நான் மெஷின் முன்னாடி இருப்பேன்" என்றேன். அந்தப் பக்கம், சரி, மேல் அறையைப் பெருக்கி வைக்கச் சொல்கிறேன் என்று குரல் வந்தது. வைத்துவிட்டேன்.

அக்கா உள்ளே போய்விட்டாள். அழப்போகிறாள் என்று காத்திருந்தேன். அழுகைச் சத்தம் வரவில்லை. குழாய்ச் சத்தம் வந்தது. கை கழுவிக்கொண்டு வந்தாள். கோல் இல்லை. மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு முக்கோண மாவை எடுத்து, பிஸ்கட்டை நடுவில் வைத்து, ஓரத்தைக் கிள்ள ஆரம்பித்தாள். நன்றாகக் கிள்ளினாள், பாவி. கட்டிலில் படுத்துக்கொண்டே நான் செய்வதையெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் எழுந்து ஃப்ரிட்ஜில் இருந்த பட்டியலின் தலையில், 'முதலில் காலியாக மூன்று நிமிடம், காகிதம் இல்லாமல்' என்று எழுதினேன். மாமா கருகிய காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

தொண்ணூற்றாறும் ஒரு மணிக்கு முன்னால் முடிந்தன. அங்கே சூடாக்கிக் கொடுக்க மாமா ஏர் ஃப்ரையரைத் தூக்கிக்கொண்டார், நான் சர்க்கரைப் பொடியையும் தட்டுகளையும் எடுத்துக்கொண்டேன். பிஸ்கட் அடுக்கிய பெரிய டப்பா மிச்சம் இருந்தது. அக்கா அதை எடுத்து இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். அதைப் பிடித்தால் சுவரைப் பிடிக்க முடியாது. கைப்பிடிக் கம்பியையும் பிடிக்க முடியாது. மூன்று மாடி. முதல் படியில் கொஞ்சம் தயங்கினாள். அது நடிப்பில்லை. ஒரு வருடமாக வெளியே வராதவளின் பயம் அது. நான் கை கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் போலத்தான் இருந்தது.

இரண்டாவது மாடியில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். அக்காவுக்காக வாராவாரம் பரிதாபப்பட்டுப் பழம் கொடுத்தனுப்புகிறவர். வாசலில் நூல் பிரித்துக்கொண்டிருந்தவர் அக்காவைப் பார்த்துக் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டார். "அடடா, கால் சரியாயிடுச்சா? எப்போ?" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம், நான் மறுத்திருக்கமாட்டேன். அவள் டப்பாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள்.

"ரொம்ப நாளாச்சு" என்றாள்.